அப்பாவின் கத்தியும் ஆறு மில்லிமீற்றரும்

அந்தச் சத்தம் போனில் பதிவான இரவில் எங்கள் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு குடும்பத்துக்கு உரிய அறையில்) இரண்டு பேர் இருந்தோம், அம்மாவும் நானும். சுவருக்கு அந்தப் பக்கம் பாக்கியம் அக்காவும் அவருடைய புருஷனும் இருந்தார்கள். அப்பா இல்லை. அவர் இறந்து அப்போது ஆறு வருடம் முடிந்திருந்தது. ஆனால் அந்தப் பதிவில் அம்மா பேசுவது அவரோடுதான்.

யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. உங்கள் வீட்டில் ஒருவர் சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் சட்டென்று நின்று, பிறகு தண்ணீருக்குள் இருந்து எழும்பியவர் போல மூச்சை இழுக்கிறார் என்றால், அவருக்காகவும் அவர் பக்கத்தில் விழித்துக் கிடப்பவருக்காகவும் எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல. தலவாக்கலையில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. வீடு வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்தவன் நான் மட்டும்தான். லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும், மருந்துச் சீட்டு வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அப்படிப்பட்ட எனக்கே இது என்ன நோய் என்று தெரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

முதலில் வந்தது தலைவலி. காலையில் எழுந்தவுடன் நெற்றியில் துணி இறுக்கிக் கட்டியது போல இருக்கும். பத்து மணிக்குள் போய்விடும். வாய் காய்ந்து நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும், எட்டு மணி நேரம் மலையேறி வந்தவன் போல இருப்பேன்.

பிறகு பகலில் காணாமற்போகத் தொடங்கினேன். தூங்கினேன் என்று சொல்ல முடியாது. வட்டகொடையில் பஸ் ஏறியது நினைவிருக்கும், தலவாக்கலையில் இறங்கியது நினைவிருக்கும், நடுவில் உள்ள வளைவுகள் எதுவும் இருக்காது. பாமசியில் நின்றுகொண்டிருக்கும்போது கையில் ஒரு மருந்து உறை இருக்கும். அதில் என் கையெழுத்தில் வேளை எழுதியிருக்கும். அதை எப்போது எழுதினேன் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவதாக வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. மூச்சு முட்டித் திடுக்கிட்டு விழிக்கும்போது, என் தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பேன். தலையிலிருந்து முழங்கால் வரை கம்பளி போர்த்தியிருக்கும். முகம் தெரியாது. அந்தக் கம்பளியை எனக்குத் தெரியும். மழையில் மலைக்குப் போகும்போது அப்பா போர்த்தும் கம்பளி அது. ஓரத்தில் கருகிய ஓட்டை இருக்கும், அடுப்புத் தீப்பொறி பட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் செருகிவிடும். காலையில் தலைமாட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடிகளை இடுப்பளவுக்கு வெட்டி இறக்கும் வேலை. நாற்பத்தேழு வயதில், எந்த நோயும் வருத்தமும் இல்லாத மனிதர், ஒருநாள் படுத்தவர் எழும்பவில்லை. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். லயத்தில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். படுத்திருப்பவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்குகிற ஒன்றைப் பற்றி எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் இடைவெளி. யார் வீட்டில் என்ன குழம்பு, யார் வீட்டில் என்ன சண்டை என்பது எல்லோருக்கும் தெரியும். என் குறட்டையும் அப்படித்தான் பொதுச்சொத்தாயிற்று.

பாக்கியம் அக்கா தண்ணீர்ப் பீலியில் வைத்தே கேட்டார். "என்னா தம்பி, ராத்திரி முழுக்க லொறி ஏத்தம் ஏறுச்சு? எறக்கம் எப்ப வரும்னு நானும் முழிச்சிக்கிட்டே கெடந்தேன்."

"மன்னிச்சிக்குங்கக்கா."

"எனக்கு என்னா? எங்க வீட்டு மனுஷன்தான் பாயச் சுருட்டிக்கிட்டு இஸ்தோப்புத் திண்ணைக்குப் போயிட்டாரு. குளிருல கெடந்தாலும் கெடப்பேன், லொறிக்கு அடியில படுக்க மாட்டேன்னுட்டாரு."

பீலியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடம் நிரம்பியதும் அக்கா என் பக்கம் குனிந்து சத்தத்தைக் குறைத்தார்.

"லொறி ஓடுறது பயமில்ல தம்பி. நிக்குது பாரு, அதுதான். எஞ்சின் அணைஞ்ச மாதிரி. நான் எண்ணிக்கிட்டே இருப்பேன். ஒங்கப்பாவுக்கும் இப்புடித்தான் நின்னு நின்னு வரும். அன்னைக்கி நின்னுச்சு. சரி, இனி வரும்னு திரும்பிப் படுத்துட்டேன்."

அவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அப்பா இறந்த வாரத்தில் பாக்கியம் அக்கா தன் கட்டிலை எங்கள் சுவரிலிருந்து எடுத்து எதிர்ச்சுவரோடு போட்டது எனக்கு நினைவு வந்தது. ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

அந்த வாரமே அம்மா கத்தியை எடுத்தார். அப்பாவின் கவ்வாத்துக் கத்தி, நுனி வளைந்தது, பிடி தேய்ந்து வழவழப்பானது. ஆறு வருடமாகச் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. அதை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தார்.

"மல்லாக்கப் படு."

"எதுக்கும்மா?"

"படுன்னா படு. நெஞ்சுல இரும்பு இருந்தா ஒண்ணும் ஏறி ஒக்காராது."

"அது அப்பா கத்தியில்ல?"

"அதனாலதான். அவரு கத்திய அவரே தாண்ட மாட்டாரு."

படித்தவன் என்ற முறையில் நான் அப்போது மறுத்திருக்க வேண்டும். ஆனால் தலைமாட்டில் கம்பளியைப் பார்த்தவன் நான். மறுபேச்சுப் பேசாமல் மல்லாந்து படுத்தேன். அம்மா கத்தியை என் நெஞ்சின் நடுவில் வைத்தார். புரண்டால் விழுந்துவிடும் என்பதால் இரண்டு பக்கமும் தலையணை வைத்து என்னை அணைகட்டினார். அப்படி மூன்று மாதம் படுத்தேன்.

அந்த மூன்று மாதத்தில் எல்லாம் மோசமாயின. தலைவலி மத்தியானம் வரை நீடித்தது. ஒரு சனிக்கிழமை, ஒரு பெரியவருக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்தேன். ஒரு வேளை போட வேண்டியதை மூன்று வேளை என்று எழுதியிருந்தேன். முதலாளி கண்ணில் பட்டதால் பெரியவர் கடை வாசலைத் தாண்டுவதற்குள் உறையைத் திரும்ப வாங்கினோம். முதலாளி என்னைத் திட்டவில்லை. "என்னா தம்பி ஒனக்கு? கண்ணு தொறந்துதான் இருக்கு, ஆள் இல்லையே" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு உறையையும் அவர் ஒருமுறை வாசித்த பிறகுதான் கொடுக்க விட்டார்.

அடுத்த கிழமை என் கடைவாய்ப் பல் ஒன்று தானாகப் பிளந்தது. கல்லைக் கடிக்கவில்லை, எலும்பைக் கடிக்கவில்லை. காலையில் எழுந்தபோது அதன் ஒரு துண்டு நாக்கில் கிடந்தது.

பல்லுக்காகத்தான் நான் வைத்தியசாலைக்குப் போனேன். மற்ற எதற்காகவும் அல்ல. இதை வாசிக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தலைவலிக்கு மாத்திரை போட்டேன், பகல் தூக்கத்துக்குப் பிளேன்டீ குடித்தேன், நெஞ்சு அமுக்கத்துக்குக் கத்தி வைத்தேன். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர் ஒரு பல் டொக்டர்.

வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்தவர், உடைந்த பல்லைப் பார்ப்பதற்கு முன் மற்றப் பற்களைப் பார்த்தார். எல்லாம் அரைபட்டுத் தட்டையாகியிருந்தன. நாக்கை நீட்டச் சொன்னார். அதன் ஓரம் முழுக்கப் பற்களின் அச்சு. பிறகு என்னைப் பக்கவாட்டில் திருப்பி முகத்தைப் பார்த்தார்.

"குறட்டை விடுவீங்களா?"

"ஆமாங்க டொக்டர். லயமே சிரிக்குது."

"நடுவுல மூச்சு நிக்குதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

பாக்கியம் அக்கா சொன்னதைச் சொன்னேன். அப்பாவைச் சொன்னேன். கத்தியைச் சொல்லவில்லை.

உறக்க மூச்சுத்தடை (தூங்கும்போது தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருவது) என்ற சொல்லை முதன்முதலில் அங்கேதான் கேட்டேன். கண்டியில் இருந்த ஒரு பல்சீரமைப்பு நிபுணருக்கும் (பல்லையும் தாடையையும் ஒழுங்குபடுத்தும் டொக்டர்), ஒரு நெஞ்சு வைத்தியருக்கும் கடிதம் தந்தார். "போறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி போன்ல பதிஞ்சு கொண்டு போங்க. நீங்க சொல்றதவிட அது நல்லாச் சொல்லும்" என்றார்.

அன்று போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்தேன். மறுநாள் மத்தியானம் பாமசியின் பின்னறையில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, காதில் மாட்டிக் கேட்டேன். வெளியே மூடுபனி இறங்கி ரோட்டு மறைந்திருந்தது. லைட்டுப் போட்டு வாகனங்கள் ஊர்ந்தன.

முதலில் தகரத்தில் மழை. பிறகு என் குறட்டை. மற்றவர்கள் சொல்லும்போது சிரித்தேன், கேட்கும்போது சிரிக்க முடியவில்லை. எதையோ இழுத்துக்கொண்டு போகிற மிருகத்தின் சத்தம். பிறகு அது நின்றது. மழை மட்டும் பெய்தது. திரையில் ஓடும் விநாடிகளைப் பார்த்தேன். பத்து. இருபது. பின்னறையில் உட்கார்ந்திருந்த நானும் மூச்சை அடக்கியிருந்தேன் என்பது எனக்கு நெஞ்சு வலித்தபோதுதான் தெரிந்தது. நான் மூச்சை விட்டுவிட்டேன். பதிவில் இருந்தவன் விடவில்லை. முப்பது.

அப்போது அம்மாவின் குரல் கேட்டது. மிக அருகில், தூங்கி எழுந்தவர் குரலாக இல்லாமல், நெடுநேரமாக விழித்திருப்பவர் குரலாக.

"விடுங்க. பிள்ளைய விடுங்க. மூச்சு விடட்டும். ஒங்களுக்குத் தொணை வேணும்னா நான் வர்றேன். இவன் வேணாங்க. படிச்ச பிள்ளைங்க."

நாற்பத்தோராவது விநாடியில் நான் மூச்சை இழுக்கும் சத்தம் வந்தது. துணி கிழிவது போல. அம்மா "சரிங்க" என்றார். மறுபடி குறட்டை.

பதிவில் இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அங்கங்கே தள்ளிக் கேட்டேன். எங்கே நிறுத்தினாலும் அம்மா விழித்திருந்தார். சில இடத்தில் கெஞ்சினார். ஒரு இடத்தில் கோபப்பட்டார். விடியப்போகும் ஒரு இடத்தில் அப்பாவிடம் சாதாரணமாக, ஐந்தாம் நம்பர் மலையில் கொழுந்து குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று சாயந்தரம் அம்மா மலையிலிருந்து வந்து கூடையை இறக்கியதும் கேட்டேன்.

"ராத்திரில நீங்க தூங்குறதே இல்லையா?"

அவர் அடுப்புப் பக்கம் போய்விட்டார். நான் போனை நீட்டினேன். வாங்கவில்லை.

"தலமாட்டுல ஒக்காந்திருக்கிறது நீங்களா? கம்பளி போத்திக்கிட்டு?"

"குளிருது. ஒங்கப்பா கம்பளிதான் கெட்டியா இருக்கு."

"நான் அப்பான்னு நெனச்சேன்."

அம்மா திரும்பிப் பார்த்தார். "நீ பாத்தியா? பாத்துட்டு ஏன்டா சொல்லல?"

"நீங்க பயப்படுவீங்கன்னு."

"நானும் அதுக்குத்தான் சொல்லல" என்றார். "ஒன் நெஞ்சு மேல அவருன்னுதான் நானும் நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே மனிதருக்குப் பயந்திருக்கிறோம். எத்தனை நாளாக இப்படி விழிக்கிறீர்கள் என்று கேட்டேன். போன வருடம் பங்குனித் திருவிழாவிலிருந்து என்றார். விடிந்தால் அந்த உடம்போடுதான் ஈர மலையில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார். வழுக்கி விழுந்திருந்தால் அதையும் நாங்கள் வேறு யாருடைய கணக்கிலோ எழுதியிருப்போம்.

கண்டிக்கு அம்மாவும் வந்தார். பல்சீரமைப்பு நிபுணர் ஒரு சிங்களப் பெண் டொக்டர். என்னை மல்லி (சிங்களத்தில் தம்பி) என்றே கூப்பிட்டார். பேச்சு பாதி சிங்களம், பாதி அவருடைய தமிழ். பதிவை முழுவதும் கேட்கவில்லை. இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, அம்மாவின் குரல் வரும் இடத்தில் நிறுத்தினார். என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. கேட்காததற்கு நான் இன்றும் நன்றியோடிருக்கிறேன்.

என் பக்கவாட்டு எக்ஸ்ரேயைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். மண்டையோடு, பற்கள், கழுத்தெலும்பு. தொண்டைக்கு இருக்க வேண்டிய கறுப்புப் பாதை ஒரு இடத்தில் நூல் போல மெலிந்திருந்தது.

"உங்க கீழ்த்தாடை சின்னது. பின்னால தள்ளி இருக்கு. மேல்வாயும் ஒடுக்கம். நாக்குக்கு வீடு பத்தாது, மல்லி. தூங்கினா தசை எல்லாம் தளரும். நாக்கு பின்னால விழும். பாதைய மூடும். மூளை பயந்து உங்கள எழுப்பும். பல்லக் கடிக்கிறதும் அந்தப் போராட்டத்துல நடக்கலாம். எந்தப் பக்கம் படுப்பீங்க?"

"மல்லாக்க."

"எப்பவுமா? ஏன்? அதுதானே மிச்சம் மோசம். மல்லாக்கப் படுத்தா நாக்கு நேரா தொண்டையில விழும்."

அம்மாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். கத்தியைச் சொன்னேன். டொக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. என் நெஞ்சைப் பார்த்து, பிறகு அம்மாவிடம் தன் தமிழில் மெதுவாகச் சொன்னார். "அம்மா, நீங்க காவல் நல்லா இருந்தீங்க. வாசல் மட்டும் வேற."

பிறகு, வீட்டில் வேறு யாருக்காவது இப்படித் தாடை இருக்கிறதா என்று கேட்டார். அம்மா விரலால் தன் முகவாயைத் தொட்டு, உள்பக்கமாக ஒரு கோடு போட்டுக் காட்டினார். "இவங்கப்பாவுக்கு. அதை மறைக்கத்தான் தாடி வச்சிருந்தாரு. கல்யாணத்துக்கு முன்னாடியே."

அப்பாவும் இதனால்தான் இறந்தாரா என்று கேட்டேன். இறந்தவரைப் பரிசோதிக்க முடியாது, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

நெஞ்சு வைத்தியர் ஒரு இரவு முழுக்க என் உடம்பில் கம்பிகளை ஒட்டி உறக்கச் சோதனை செய்தார். மணிக்கு இருபத்துநான்கு தடவை மூச்சு நின்றது. நடுத்தரம் என்றார்கள். கடுமையானவர்களுக்கு முகத்தில் மாட்டிக் காற்றை அழுத்தித் தரும் இயந்திரம்தான் முதல் வழி. எனக்கும் அதைச் சொன்னார்கள். ஆனால் காற்று பலமாக அடித்தால் எங்கள் லயத்தில் கரண்ட் போய்விடும், சில நேரம் இரண்டு நாள் வராது. அதைச் சொன்னதும் இரண்டு டொக்டர்களும் பேசி, என் தாடையின் அமைப்புக்குப் பல்தட்டு உதவக்கூடும் என்று முடிவு செய்தார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் கொக்கியால் இணைந்து, தூங்கும்போது கீழ்த்தாடையை முன்னுக்குப் பிடித்து வைத்திருக்கும். தாடை முன்னே வந்தால் நாக்கும் முன்னே வரும். பாதை திறக்கும்.

உடனே மாட்டிவிட முடியாது. என் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெருங்கியிருந்தன. உடைந்த பல்லைப் பிடுங்கி, பத்து மாதம் கம்பி கட்டி வரிசைப்படுத்திய பிறகுதான் தட்டு உட்காரும் என்றார்கள். அதுவரை பக்கவாட்டில்தான் படுக்க வேண்டும். புரண்டு மல்லாந்துவிடாமல் இருக்க, பனியனின் முதுகில் ஒரு பந்தைத் தைத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

பந்தைத் தைத்தவர் அம்மா. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் பழைய படங்குத் துணியை வெட்டிப் பை செய்து, முதுகுத்தண்டின் நேரே வைத்து இரட்டை நூலில் தைத்தார். மூன்று மாதம் நெஞ்சில் கத்தி, பத்து மாதம் முதுகில் பந்து. மல்லாந்தால் பந்து உறுத்தும், திரும்பிவிடுவேன். பாதி நிம்மதி அதிலேயே வந்தது.

கத்தியைத் திரும்பச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைப்பார் என்று நினைத்தேன். ஒரு நாள் பாய் மடிக்கும்போது அது அம்மாவின் தலையணைக்கு அடியில் இருந்தது.

"இதுதான் வேணாம்னு டொக்டர் சொன்னாங்கள்ல?"

"ஒனக்குத்தான வேணாம்னாங்க" என்றார். தலையணையை அதன் மேல் சரியாக வைத்துவிட்டு, "வாக்குக் கொடுத்துட்டேன்ல தம்பி. நான் வர்றேன்னு. அவரு கேட்டுட்டு வந்தாருன்னா?"

நாக்கு, தொண்டை, தசை என்று டொக்டர் சொன்னதையெல்லாம் மறுபடி விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கத்தியை எடுக்கவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

கம்பி கட்டிய மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறை முறுக்கிய பிறகும் மூன்று நாள் சோற்றைக் கரைத்துத்தான் குடித்தேன். பாக்கியம் அக்கா, "பல்லுக்கு வேலி போட்டாச்சு, இனி கொறட்டை எப்புடி வெளிய வரும்?" என்று கேட்டார். நாக்கு ஒவ்வொரு வாரமும் வாய்க்குள் புதிய இடங்களைக் கண்டுபிடித்தது. ஒரு பல் நகர்வதை உணர முடியாது, ஆனால் நேற்று அது இருந்த இடம் இன்று காலியாக இருப்பதை நாக்கு அறியும். என் வாயில் நானில்லாத வேறு யாரோ மெதுவாகச் சாமான்களை இடம் மாற்றுவது போல இருந்தது.

தட்டு வந்ததும், ஒரே தடவையில் அல்ல, கிழமைக்குக் கொஞ்சமாகத் திருகி முன்னே கொண்டு வந்தார்கள். கடைசியில் நின்றது ஆறு மில்லிமீற்றரில். முதல் மாதம் எச்சில் வழிந்தது. காதுக்கு முன்னால் தாடை மூட்டு வலித்தது. காலையில் தட்டைக் கழற்றினால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்காது. அரை மணி நேரம் யாருடைய வாயையோ மாட்டிக்கொண்டு நிற்பது போல இருக்கும். இதெல்லாம் வரும் என்று முன்பே சொன்னார்கள். வலி நீடித்தால் தட்டைத் தூக்கி எறியாமல் டொக்டரிடம் போக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடி (மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம்) மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

முதல்முறை தட்டோடு கண்ணாடி பார்த்தபோது அம்மா பின்னால் நின்றார். தாடை முன்னே வந்த முகம். இருபத்தாறு வருடம் அப்பா சாயல் என்று எல்லோரும் சொன்ன முகம் அது. அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "யாரு மாதிரியும் இல்ல" என்றார். அதில் துக்கம் இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது. அப்பா என் முகத்திலிருந்து விலகிய தூரம் ஆறு மில்லிமீற்றர்.

இரண்டாவது சோதனையில் மணிக்கு ஐந்து தடவை. தலைவலி போய்விட்டது. முதலாளி என் உறைகளை வாசிப்பதை நிறுத்திவிட்டார். தட்டு எல்லோருக்கும் இப்படிப் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. சோதனை செய்யாமல் கடையில் விற்பதை வாங்கி மாட்டாதீர்கள். உங்கள் பிள்ளை வாய் திறந்து தூங்கினால், குறட்டை விட்டால், சிரித்துவிட்டு விடாதீர்கள். வளரும் வயதில் மேல்வாயை விரித்துக் கொடுக்க முடியும் என்று டொக்டர் சொன்னார். என் வயதில் அது அத்தனை சுலபமல்ல.

ஒரு நாள் பீலியில் பாக்கியம் அக்கா அம்மாவிடம் கேட்டார். "தம்பி கொழும்புக்குப் போயிருச்சா? சத்தத்தையே காணோம்."

"இங்கதான் இருக்கான்."

"அய்யோ, சத்தமில்லாம எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குதே!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அதன் காரணத்தை அன்று இரவே அறிந்தேன். என் மூக்குக்குக் கீழே ஏதோ ஈரமாக, குளிர்ச்சியாகப் பட்டது. விழித்தேன். அம்மாவின் விரல். கம்பளி போர்த்தி, தலைமாட்டில்.

"சத்தமே வரல" என்றார். "முன்னாடியாவது வரும், நிக்கும், வரும். இப்ப ஒரேயடியா நின்னுபோன மாதிரி இருக்கு."

குணமான உடம்பு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அமைதியை அம்மா ஒரே ஒரு காலையில்தான் கேட்டிருக்கிறார்.

அடுத்த முறை கண்டிக்குப் போகும்போது நான் ஒரு இரவை மறுபடி பதிந்து கொண்டுபோனேன், டொக்டருக்காக அல்ல. கிளினிக் முடிந்து ரயிலில் திரும்பும்போது, நாவலப்பிட்டி தாண்டியதும், காதில் மாட்டும் வயரை அம்மாவின் இரண்டு காதிலும் வைத்தேன். சத்தத்தை முழுவதும் கூட்டினேன். அவ்வளவு கூட்டினால்தான் கேட்கும். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே.

அம்மா முதலில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். வட்டவளையில் எண்ணுவது நின்றது. ஹட்டன் தாண்டிச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து இருட்டானபோது நான் பழக்கதோஷத்தில் விநாடிகளை எண்ணினேன். நாற்பத்தொன்றைத் தாண்டியும் இருட்டு நீண்டது. இப்போதெல்லாம் எனக்கு நேரம் என்பது அந்த நாற்பத்தோரு விநாடிதான். தேநீர் ஆறும் நேரம், பஸ் திரும்பும் நேரம், எல்லாவற்றையும் அதைக் கொண்டே அளக்கிறேன். வெளிச்சம் வந்தபோது அம்மாவின் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. என் மூச்சைக் காதில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். இரண்டு வருடத்துக்கு மேலாக அவர் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

கொட்டகலையில் எழுப்பவில்லை. தலவாக்கலையிலும் எழுப்பவில்லை. வட்டகொடைக்கு முன்னால் ரயில் வேகம் குறைந்தபோது தானாக விழித்தார். காதிலிருந்ததைக் கழற்றி என் கையில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே கவ்வாத்து வெட்டிய ஒரு மலை போனது, இலையில்லாத கிளைகள் மட்டும்.

"எல்லாமா எவ்வளவு ஆச்சு தம்பி?"

சோதனை, கம்பி, தட்டு, ரயில் செலவு எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன். அவர் போகாமல் விட்ட வேலைநாட்களைச் சேர்க்கவில்லை.

அம்மா மலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஒங்கப்பாவுக்கும் அம்புட்டுத்தான் ஆயிருக்குமா?"

டொக்டர் சொன்னதை நான் மறுபடி சொல்லியிருக்கலாம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவர் கேட்டது அதையல்ல.

"அம்புட்டுத்தாம்மா" என்றேன்.

ரயில் நின்றது. அம்மா எழும்பவில்லை. நான் சொன்ன தொகையை, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போல, ஒவ்வொரு சொல்லாகத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபா.